அடங்காத நுரை

மூன்றாவது கோப்பையிலும் நுரை அடங்கவில்லை. கனகராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ரிங்லெட் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீருக்காக ஆழத் துளை போடுகிறார்கள். துளையிலிருந்து வரும் சேற்றுக் குழம்பைத் தட்டித் தட்டி, அதிலுள்ள காற்றை விரட்டிவிட்டு எடை பார்ப்பது அவன் வேலை. நேற்றுவரை நாலே தட்டலில் அடங்கிய நுரை!

“அடியில கேஸ் இருக்குலா! மெஷின நிறுத்துங்க! யாரும் சிகரெட் பத்த வைக்காதீங்க!”

பங்களாவுக்கும் ஆள் ஓடியாயிற்று. தோட்டத்து மேனேஜர் துரை கிளம்பிவிட்டாராம்.

“இராமையாண்ணே, கடைசியா இன்னொரு சாம்பிள் கொண்டாங்க.”

அன்றுதான் வேலைக்குச் சேர்ந்து, காலையிலிருந்து சேறு மொண்டு வந்து கொடுத்த இராமையா இரண்டு குவளைகளோடு ஓடினார். பொறுக்கமாட்டாமல் கனகராஜும் பின்னாலேயே போனான்.

இராமையா சேற்றை மொண்டார். ஒரு குவளையைத் தலைக்கு மேலே தூக்கி, இடுப்புக்குக் கீழே பிடித்திருந்த இன்னொன்றில் சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். மறுபடியும் தூக்கினார்.

“அண்ணே! என்ன பண்றீங்க?”

“கட்டியில்லாம கலக்கிக் கொண்டாரச் சொன்னீங்களே தம்பி.”

கீழே வளைவில் துரையின் ஜீப் ஹாரன் அடித்தது.

இராமையா பெருமையாகச் சிரித்தார். “டவுன் கடையில இருபது வருசம் தே தண்ணி ஆத்துன கைலா இது. இந்த நுரை வேற யாருக்கு வரும்?”