நாவல் மரத்துக்குப் போகும் கிளை

மாமரத்துச் செவ்வெறும்புகளுக்கும் பக்கத்து நாவல் மரத்துச் செவ்வெறும்புகளுக்கும் நடுவே பாதையாக இருந்தது ஒரே ஒரு கிளைதான். கறுப்பெறும்புகள் நாவல் மரத்தைத் தாக்கிய அன்று, மாமரத்து ராணி அந்தக் கிளையில் காவல் போட்டாள்.

"நாம போகவும் வேண்டாம், அவங்க வரவும் வேண்டாம். அடுத்த மரத்துச் சண்டையில நாம ஏன் சாகணும்?"

காவலுக்கு நின்ற வடிவுக்கு அது நியாயமாகவே பட்டது. முந்தைய சண்டையில் இரண்டு அக்காக்களைப் பறிகொடுத்தவள் அவள். இந்த முறை மாமரத்தில் ஒரு சாவும் இல்லை. குஞ்சுகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. நாவல் மரத்துக் கூக்குரல் மட்டும் அவளை நெடுநாள் அரித்தது.

ஐப்பசிக் காற்று மாமரத்து இலைக்கூட்டை நாலாகக் கிழித்துப் போட்டது. இலைகளை இழுத்துப் பிடித்துத் தைக்க ஆள் போதவில்லை. குஞ்சுகள் மழையில் நனைந்து விறைத்தன. ராணியைக் கேட்காமலே வடிவு கிளையைக் கடந்து ஓடினாள்.

நாவல் மரத்துத் தலைவி கொம்பாயி, சண்டையில் ஒரு காலை இழந்தவள், அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாங்க கத்தினப்போ உங்களுக்குக் காது கேக்கலையா?"

"கேட்டுச்சு அக்கா. நான்தான் வழியை மறிச்சு நின்னேன்."

கொம்பாயி தன் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "ஐந்நூறு பேர் கிளம்புங்கடி!" என்று குரல் கொடுத்தாள்.

பொழுது சாய்வதற்குள் கூடு தைத்தாகிவிட்டது.

"காவல் இருக்கட்டும்" என்றாள் ராணி, வடிவிடம். "ஆனா யாராவது கத்தினா, என்னன்னு கேட்டுட்டு வந்து என்கிட்ட சொல்லு."

ஈரம் படாத இலைக்குள் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு படுத்தன. அப்போதுதான் வடிவுக்கு மூச்சு வந்தது.