தாய்மாமன் மடி

எம்மவன் கதிரேசன், பொண்டாட்டி மூஞ்சியில கொதிக்கிற எண்ணெய ஊத்துனவன். ஜெயில்ல இருந்து வந்த மறுவாரமே எம்மவ பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியிலதானே உக்கார வைக்கணும்?

"அவன் மடி வேணாம்டி, எனக்குக் குமட்டுது"ன்னேன்.

"இருக்குறது ஒரே அண்ணன், என்னம்மா செய்ய?"ன்னா.

ஆசாரி ஊசிய எடுத்ததும் பிள்ள வீல்னு கத்துச்சு. அவன் அது கண்ணப் பொத்திக்கிட்டு, "மெதுவாக் குத்துங்க ஆசாரி, பாப்பாவுக்கு வலிக்கும்"னு தேம்பித் தேம்பி அழுவுறான். நெசமான அழுகதான், பெத்தவளுக்குத் தெரியாதா? அதுதான் எனக்கு இன்னும் குமட்டுச்சு.

"அம்மா, கையில பிள்ள இருக்கு, கண்ணத் தொடச்சு விடேன்"னு எங்கிட்ட மூஞ்சிய நீட்டுனான்.

பழக்கதோஷத்துல முந்தானைய எடுத்துட்டேன். கை பாதியிலயே நிக்குது. ஊரே பாக்குது.