கெரைன்ட்டின் பங்கு

வேலிக் கதவைத் திறந்துவிட்ட கையோடு எம்ரிஸ் அந்தப் பெண்ணைத் திட்ட ஆரம்பித்தார்.

“வாம்மா, வா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உனக்கு?”

அவள் மண்வாரியும் கோணிப்பையுமாக நின்றாள். கெரைன்ட்டின் பங்கைச் சுத்தம் செய்ய வந்திருப்பதாக மட்டும் சொன்னாள்.

அது போதாதா? கெரைன்ட்டுக்கு லண்டனில் ஒரு மகள் இருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் முகத்தைத்தான் யாரும் பார்த்ததில்லை.

ரயில் பாதைக்குப் பின்னால் நகரசபை பங்கு போட்டுக் கொடுத்த தோட்ட நிலம் அது. செப்டம்பர் கடைசியில் பார்வையிட வருவார்கள். பாதி நிலமாவது கொத்திச் சீராக இருக்க வேண்டும். களை மண்டிக் கிடந்தால் பங்கு போய்விடும்; வெளியே வருஷக்கணக்காகக் காத்திருப்பவர்களில் அடுத்த ஆளுக்குச் சாவி.

அப்படிக் காத்திருப்பவர்களை எம்ரிஸ் கழுகுகள் என்றுதான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க வருகிற சாக்கில் வேலியோரம் நடந்து, உள்ளே எந்தக் கிழவன் இருமுகிறான் என்று பார்த்துவிட்டுப் போகிற கூட்டம்.

பார்வையிட இன்று மதியம் வருகிறார்கள்.

இந்த வருஷம் கோடை என்று ஒன்று வரவே இல்லை. மே மாதம் பிடித்த மழை ஆகஸ்ட் வரை விடவில்லை. தக்காளி பழுப்பதற்குள் நோய் விழுந்து கருகியது. உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகி நாறியது. நத்தைகளுக்குத்தான் நல்ல வருஷம்.

அந்த மழையில்தான் கெரைன்ட் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் முதல் கேள்வி பங்கைப் பற்றித்தான். ‘பிரமாதமா இருக்கு’ என்று எம்ரிஸ் வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டு வருவார். எம்ரிஸின் முதுகு அவருடைய சொந்தப் பங்குக்கே வளைய மறுத்தது.

“இது கைவிட்டுப் போச்சுன்னா ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவன் எந்திரிக்கவே மாட்டான். அது தெரியுமா உனக்கு?”

“தெரியும்” என்றாள்.

தெரியுமாம். எம்ரிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்று கொத்தினாள். ஈர மண்ணை மிதித்தால் அப்புறம் கல்லாய் இறுகிவிடும். நோய் பிடித்த தக்காளிச் செடிகளை எருக்குழியில் போடாமல் தனியே கோணியில் திணித்தாள். கொடிக்களையின் வெள்ளை வேரை அறுந்துவிடாமல் பொறுமையாக விரலால் தேடி எடுத்தாள்.

பரவாயில்லை, அப்பன் எதையோ சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டே நிற்பது? எம்ரிஸும் மண் கிளறும் நீளக்காம்பு முள்கரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். முதுகு கத்தியது. அவரும் கத்தினார். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை உண்டா, போனில் ஒரு வார்த்தை உண்டா, பெற்றவன் ஆஸ்பத்திரியில் கிடக்க ஒரு எட்டு வந்து பார்த்தாயா என்று, அவருடைய சொந்தப் பிள்ளைகளிடம் கேட்க நினைத்ததையும் சேர்த்தே கேட்டார்.

அவள் பாட்டுக்குக் கொத்திக்கொண்டே இருந்தாள். நெற்றியில் மண் அப்பியிருந்தது. கை சிவந்து போயிருந்தது. எம்ரிஸ் பிளாஸ்கிலிருந்து பாதிக் கோப்பை தேநீரை ஊற்றி, அதையும் திட்டிக்கொண்டே நீட்டினார்.

கடைசியில் அவள் கோட்டுப் பையிலிருந்து வெள்ளைப் பூண்டை எடுத்து, பல் பல்லாகப் பிரித்து, கொத்திய மண்ணில் வரிசையாக ஊன்றினாள்.

“அடுத்த கோடையில அவர் வந்து எடுத்துக்கட்டும்.”

அவராம். அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை போலிருக்கிறது.

ஒரு மணிக்குப் பார்வையிடத் தோட்டச் சங்கச் செயலாளர் ட்ரெவர் ரப்பர் பூட்ஸ் சேற்றில் சளக் சளக்கென்று ஒலிக்க வந்தார். பங்கைச் சுற்றி நடந்தார். மண்ணைக் காலால் எத்திப் பார்த்தார்.

“அட, பரவாயில்லையே. கெரைன்ட் பங்கு கெரைன்ட்டுக்கே.”

எம்ரிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. நாளைக்கு ஆஸ்பத்திரியில் பொய் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்ணைக்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

ட்ரெவர் அவள் பக்கம் திரும்பினார்.

“உன்னை இங்க எதிர்பார்க்கல டெலித். இது களையாவே கிடந்திருந்தா இன்னைக்குச் சாவியை உன் கையிலதான் குடுத்திருப்பேன். சரி, அடுத்த வருஷம் பார்ப்போம்.”

அவர் அடுத்த பங்குக்குப் போய்விட்டார்.

எம்ரிஸுக்குக் காலையிலிருந்து பேசிய பேச்செல்லாம் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தது. காது சுட்டது.

“முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாம்மா?”

அவள் மண்வாரியைப் புல்லில் துடைத்தாள்.

“ஆறு வருஷமா வேலிக்கு வெளிய நிக்கிறேன். என்னைக் கூப்பிட்டுப் பேசினது, செடியைப் பத்திச் சொல்லிக் குடுத்தது அவர் ஒருத்தர்தான். யாருன்னு சொல்லியிருந்தா, நீங்க கதவைத் திறந்திருப்பீங்களா?”

எம்ரிஸ் யோசித்துப் பார்த்தார்.

திறந்திருக்க மாட்டார்.