கணவாய்க்குப் பெரிய தொட்டி

"இது ஆராய்ச்சியா சார்? மகா பாவம் சார்!"

சுந்தரராமன் போட்ட சத்தத்தில் லாபரட்டரியே திரும்பிப் பார்த்தது. குரலை உயர்த்தியே பழக்கமில்லாத மனுஷர். அதுவும் பேராசிரியர் பஞ்சாபகேசனிடம்!

எல்லாம் ஒரு கணவாய் மீனுக்காக. மாஹிம் வலைக்காரர்கள் உயிரோடு பிடித்துக் கொடுத்தது. நொடியில் நிறம் மாறும் ஜந்து. அது எப்படி மாறுகிறது என்றுதான் ஆராய்ச்சி.

"என்ன ஓய் பாவம்? வேளாவேளைக்கு இறால் போடறோம். கடல்லே இருந்தா இந்நேரம் சுறா முழுங்கியிருக்கும். இங்கே பத்திரமா இருக்கு."

"பத்திரமா? கண்ணாடியிலே மோதி மோதிப் பின்பக்கமெல்லாம் புண்ணு சார். திரும்ப இடமில்லே, ஒளிஞ்சுக்க ஒரு கல்லு இல்லே. நிறம் மாறறதையே விட்டுட்டு வெளுத்துப்போய் மூலையிலே கிடக்கு. இப்படியே விட்டா செத்துடும்."

"மாதுங்கா ஐயர் கணவாய்க்கு வக்கீலாயிட்டார்!" என்று யாரோ சிரித்தார்கள்.

சுந்தரராமன் அசரவில்லை. "பெரிய தொட்டி வராம நான் இதைத் தொடமாட்டேன். வேலை போனாலும் சரி."

பஞ்சாபகேசன் இறங்கி வந்தார். சாயங்காலத்துக்குள் பெரிய சிமென்டுத் தொட்டி, அடியில் மணல், ஒளிந்துகொள்ளக் கற்கள். கணவாய் மெல்ல நீந்திப் போய் மணலின் நிறத்துக்கு மாறியது. சுந்தரராமனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஷ்யாமளாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். கல்யாணமாகிப் பாலக்காட்டிலிருந்து வந்த புதுசு. இந்தி ஒரு வார்த்தை தெரியாது, பேச்சுத் துணைக்கு ஆளில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ட்ராம் போவதைப் பார்ப்பதுதான் அவளுக்குப் பகல்பொழுது. பாழாய்ப்போன தனிமை. அவர் சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது.

"ஏன்னா, நாளைக்கு நானும் வந்து அதைப் பார்க்கட்டுமா?"

"அசடு! ஊரே கலகமும் கர்ஃப்யூவுமாக் கிடக்கு. இங்கே உனக்கு என்ன குறைச்சல்? ரேஷன் அரிசி வாங்கிப் போட்டிருக்கேன், காப்பிப் பொடி இருக்கு."

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

மறுநாள் கணவாயைப் பார்க்கும் அவசரத்தில் சுந்தரராமன் சீக்கிரமே கிளம்பினார். ஷ்யாமளா உள்ளே நிற்க, தினமும் செய்வதுபோல் கதவை வெளிப்பக்கம் பூட்டி, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டு படியிறங்கினார்.