எதிர்ப்படகு

பக்கவாதம் முடக்கிய வலது கையால் அம்மா சென்சார் பொருத்திய ரப்பர் பந்தை அழுத்தினாள். அழுத்த அழுத்த, மடிக்கணினித் திரையில் அவளுடைய படகு நகர்ந்தது. பக்கத்துப் படகு முந்தியது.

“யாரு சார் அந்தத் தடியன்? தினம் உயிரை வாங்குறான்.”

திரையின் மூலையில் பிசியோதெரபிஸ்ட் சிரித்தார். “உங்களை மாதிரியே வீட்டிலிருந்து ஆடுற ஒருத்தர்மா. விடாதீங்க, அழுத்துங்க.”

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். போன மாதம் ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாத கை அது.

மகளுக்குப் பெருமை பொங்கியது, கூடவே எரிச்சலும். தினமும் இந்த நேரம் பார்த்து அப்பா உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் மூழ்கிவிடுகிறார். கதவைத் தள்ளித் திறந்தாள்.

“அம்மா அங்க உயிரைக் கொடுத்துப் போராடுறாங்க. உங்களுக்குப் போன் கேக்குதா?”

வெடுக்கென்று போனைப் பிடுங்கினாள். அதில் அதே இரண்டு படகுகள். அப்பாவின் கையில் அதே மாதிரிப் பந்து, சட்டையெல்லாம் வியர்வை.

“நீங்களா அது? அம்மாகிட்டச் சொல்லலாமே?”

“மெதுவாப் பேசு. நான்னு தெரிஞ்சா விட்டுக்கொடுத்துடுவா. கல்யாணம் ஆனதிலிருந்து அதைத்தானே செய்றா.”

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “தடியன் நின்னுட்டான் சார்! பயந்துட்டான்!”

மகள் போனை அப்பாவின் கையில் திணித்தாள்.

“சீக்கிரம் அழுத்துங்கப்பா. விட்டுக்கொடுத்தீங்க, தொலைஞ்சீங்க!”