லீவு நாள் கையெழுத்து

"இதைப் பாருங்க மேடம். சார் வசமா மாட்டிக்கிட்டார்!"

கம்பெனி பஸ்களைக் கவனிக்கும் கணேஷ்குமார், ரிஜிஸ்டரைச் சௌம்யாவின் மேஜையில் விரித்தான்.

சௌம்யா அந்த மைசூர் தொழிற்சாலையின் ஹெச்.ஆர். மேனேஜர். சொந்த வண்டியை விட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்களுக்குப் பதவி உயர்வில் பசுமைப் புள்ளிகள் என்று அறிவித்தவள் அவள்தான். ஊரில் கொஞ்சம் புகை குறையட்டுமே என்ற எண்ணம்.

"நஞ்சன்கூடு பஸ். பதினாலாம் தேதி சேகரன் சார் லீவு. ஆனா பஸ்ல வந்ததா கையெழுத்து! வீட்டுல புதுக் கார் சும்மா நிக்குது. எல்லாம் புள்ளிக்காக மேடம்."

சௌம்யாவுக்குச் சுருக்கென்றது. உற்பத்திப் பிரிவின் மேனேஜரே இப்படியா?

சேகரனைக் கூப்பிட்டாள்.

"லீவு அன்னைக்கு எப்படி சார் கையெழுத்து?"

"நிஜமாவே வந்தேன் மேடம். கேட்டுல இறங்கி, டவுன் பஸ் பிடிச்சுத் திரும்பிட்டேன்."

"ஒரு புள்ளிக்கு இவ்வளவு பாடா?"

"புள்ளி கேட்டு நான் எழுதியே கொடுக்கலையே."

கணேஷ்குமார் கம்ப்யூட்டரில் அவசரமாகத் தேடினான். "ஆமா மேடம்... பேரே இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

சேகரன் தயங்கினார்.

"பேக்கிங்ல தேவம்மாவும் மத்தவங்களுமா பத்தொன்பது பேர் அந்த பஸ்ஸை நம்பித்தான் இருக்காங்க. ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு வேற வண்டி கிடையாது. ஒரு நாள் இருபது பேருக்குக் குறைஞ்சாலும் பஸ் ரத்துன்னு நோட்டீஸ் போட்டிருக்கீங்க."

சௌம்யா தலைகுனிந்தாள். "டீசல் மிச்சமாகுமேன்னு..."

"பஸ் நின்னா பாதிப் பேர் வேலையை விடுவாங்க. மீதிப் பேர் ஸ்கூட்டர் வாங்குவாங்க. அப்ப புகை கூடத்தானே செய்யும்? இன்னொண்ணு மேடம். காரை விட்டா எனக்குப் புள்ளி. காரே வாங்காத தேவம்மாவுக்கு?"



அன்று மதியமே இருபது பேர் விதி ரத்தானது.

அந்த வருடப் பசுமைப் புள்ளிப் பட்டியலில் முதல் பத்தொன்பது பேருக்கும் விட்டுவிட்டு வருவதற்கென்று சொந்தமாக ஒரு வண்டிகூட இல்லை.