ஒன்பது தட்டுகள்

"கட்டுரையிலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க சார்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று டிபார்ட்மென்டில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். பேர் வருவதற்குத்தான் ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள். அதுவும் எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியை மிதித்த முதல் ஆள் நான்.

என் பிஎச்.டி. கைடு புகழேந்தி சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா, வெயில் ஜாஸ்தியா?"

மேசையில் அவருடைய மூலிகைத் தூள் டப்பா. 'நுரையீரலுக்கு நல்லது, ஆய்வில் நிரூபணம்' என்று லேபிள். கீழே எங்கள் இரண்டு பேருடைய பெயர்: முனைவர் புகழேந்தி, ம. மதிவதனி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் கடை போட்டு விற்கிறார்கள்.

நான் செய்தது இவ்வளவுதான். தட்டில் வளர்த்த நுரையீரல் செல்களுக்குப் பெராக்சைடு கொடுத்தேன். புகையும் தூசும் நெஞ்சுக்குள் போய்ச் செய்கிற கெடுதலை அது தட்டிலேயே செய்துகாட்டும். செல் மிரளும். கொலாஜன் ஜீன் விழித்துக்கொண்டு நாராகச் செய்து தள்ளும். பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய நுரையீரல் அப்படித்தான் தழும்பேறி இறுகிப்போகிறது.

பிறகு தூளின் சாற்றைப் போட்டேன். பன்னிரண்டு தட்டு. மூன்றில் ஜீன் கொஞ்சம் அடங்கியது. ஒன்பதில் அசையவே இல்லை.

சார் எழுதி அனுப்பிய கட்டுரையில் மூன்று தட்டுதான் இருந்தது.

"அடி அண்ணாமலையில ஒருத்தரு சார். ரைஸ் மில் பாய்லர்ல உமி தள்ளினவரு. நுரையீரல் பூரா தழும்பு. இந்தத் தூளை நம்பி மாத்திரையை நிறுத்திட்டாரு. மண்ணாங்கட்டின்னு பேரு."

சார் சிரித்துவிட்டார்.

"பேரே மண்ணாங்கட்டியா? அப்போ புத்தி வேற எப்படி இருக்கும்? போம்மா, தீசிஸ் எழுதுற வழியைப் பாரு. நாலு வருஷத்தை வீணாக்கிக்காதே."

வெள்ளிக்கிழமைதோறும் என் லேப் நோட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, நான் புரட்டப் புரட்ட, சர்ரென்று இழுத்துவிடுவார்.

ஒன்பது தட்டுக்கும் அவர் கையெழுத்து இருக்கிறது. தேதியோடு.

"நீங்க எடுக்கலைன்னாலும் பரவாயில்ல சார். மொத்தக் கட்டுரையையும் அவங்களே எடுத்துடுவாங்க. கட்டுரையைப் போட்ட பத்திரிகைக்கும் யுனிவர்சிட்டிக்கும் நோட்டோட நகலைத் திங்கட்கிழமையே அனுப்பிட்டேன். உங்க கையெழுத்தோட."

நாலு வருஷத்தில் முதல்முறையாக அவர், நான் நீட்டிய நோட்டைத் திறந்து படித்தார். பக்கம் புரட்டிய விரல் பாதியில் நின்றது.

வேறு கைடு வேண்டும் என்று எழுதிய கடிதத்தை டப்பாவின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கால் தரையில் பாவவில்லை.

இன்று காலைதான் மண்ணாங்கட்டி தூளைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, மாத்திரையைப் பிரித்துப் போட்டுக்கொண்டார். தண்ணீர்ச் சொம்பை நீட்டியது நான்.

என் பேருக்கு முன்னால் நிற்கிற அந்த 'ம' யார் என்று, இத்தனை வருஷத்தில் சார் ஒரு நாளும் கேட்டதில்லை.